காரணம் தெரியாமல் எஞ்சினைப் பூட்டாதீர்கள்

அரியமங்கலம், பால்பண்ணை, நம்பர் ஒன் டோல்கேட், திருவானைக்கோவில் பக்கங்களில் ஒற்றை லாரி வைத்து, தானே ஓட்டிப் பிழைக்கிற அண்ணன் தம்பிகளுக்கு,



போன வாரம் டோல்கேட் டீக்கடையில் ஒரு தம்பி சொன்னார்: "இந்த ஆடியில வண்டி சும்மாதான் நிக்கும்ணே. வீட்டுலயே வச்சு எஞ்சினப் பிரிச்சிடலாம்னு இருக்கேன். ரிங்கு, பேரிங்கு, பேக்கிங் செட்டு எல்லாம் வாங்கியாச்சு." எஞ்சினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆயில் குடிக்குதுண்ணே, புகையடிக்குது" என்றார். ஏன் குடிக்குது என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. லோடு ஏற்ற நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். நின்று பேச முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவரைப் போல் இன்னும் பலர் சாமானை வாங்கி வைத்துக்கொண்டு ஆடிக்காகக் காத்திருப்பீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் வண்டி பத்துச் சக்கர டாடா டிப்பர். உள்ளே ஆறு சிலிண்டர் கம்மின்ஸ், 5.9 லிட்டர், ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையில் செய்தது. எனக்கு வரும்போதே அது மூன்றாவது கை. கொள்ளிடத்தில் குவாரி ஓடிய காலமெல்லாம் மணல் நடை அடித்தேன். அது நின்றபோது எம்-சாண்ட், ஜல்லி. 2017 சித்திரையில் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. டியூ இரண்டு மாதம் நின்றிருந்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ரிங் செட்டும் பேரிங் செட்டும் வாங்கினேன். எஞ்சினைக் கீழே இறக்கவில்லை. வண்டியில் இருந்தபடியே ஹெட்டைத் தூக்கி, சம்பைக் கழற்றி, பிஸ்டன்களை உருவி, நானும் மச்சானும் நான்கே நாளில் வேலையை முடித்தோம். போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்ததோடு சரி. ஸ்டார்ட் ஆனதும் தேங்காய் உடைத்தோம்.

பதினோரு மாதம் ஓடியது. அப்புறம் பழையபடி புகை. இந்த முறை பிரீதர் குழாயில் ஆவி பொங்கியது, டிப்ஸ்டிக்கை உருவினால் குழாயிலிருந்து ஆயில் தெறித்தது. பேக் கம்ப்ரஷன் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது.

பொன்மலையில் இருக்கும் என் பெரியப்பாவை அப்போதுதான் கூட்டி வந்தேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய மனிதர். பொன்மலை ரயில்வே பணிமனையில் டீசல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றி 1928-இல் தொடங்கிய அந்தப் பணிமனையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகக் கட்டிக் கொடுத்த கைகள் அங்கே உண்டு. பெரியப்பா பார்த்ததெல்லாம் டபிள்யூ.டி.எம்.-2 வகை ரயில் எஞ்சின்: பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன், ஒரு பிஸ்டனின் விட்டம் மட்டும் ஒன்பது அங்குலம். அதோடு பழகியவருக்கு என் 102 மில்லிமீட்டர் பிஸ்டன் டீ டம்ளர் மாதிரிதான் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் வந்ததும் எஞ்சினைத் தொடவில்லை. "ஸ்பானர எடுக்காத. எதனால செத்துச்சுன்னு தெரியாம ஒரு போல்ட்டையும் கழட்டக் கூடாது. கழட்டிட்டா சாட்சி போயிடும்" என்றார்.

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தச் சொன்னார். குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரல் நுனியில் மாவு போலப் பழுப்புத் தூசி. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில், சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய குழாயில் அது இருந்தது. பிறகு டார்ச் அடித்து டர்போவின் இறக்கைகளைக் காட்டினார். கூராக இருக்க வேண்டிய ஓரங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் மழுங்கியிருந்தன. ஹோஸை முழுதாகக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் லோடில் இழுத்து ஆடும்போது மட்டும் வாய் திறக்கும். 2017-இல் நான்கு நாளும் அந்த ஹோஸைக் கழற்றி மாட்டியவன் நான். ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் 5,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். டர்போ தள்ளுவது அதற்கு மேல். மணல் குவாரிப் பாதையில் முன்னால் போகிற வண்டியின் புழுதிக்குள்ளேயே போகிறோம். கொள்ளிட மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறுகிற கல். வார்ப்பிரும்பு அதற்கு எம்மாத்திரம்? ஃபில்டரைத் தாண்டி சில கரண்டித் தூசி போனால் போதும், ஒரு எஞ்சினின் ஆயுளைத் தின்றுவிடும். புது ரிங் போட்டேனே என்றால், அந்தப் புது ரிங்கையும் அதே தூசிதான் தின்றது. நோயை உள்ளே வைத்துத் தைத்த வைத்தியம் என்னுடையது.

இனி நீங்கள் பிரிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிஸ்டனை உருவியதும் துடைக்காதீர்கள். மேல் ரிங் தேய்ந்து மெலிந்து, கீழே ஆயில் ரிங் ஓரளவு நன்றாக இருந்தால், தூசி காற்று வழியாக வந்திருக்கிறது. என் எஞ்சினில் ஆறு பிஸ்டனிலும் அப்படித்தான் இருந்தது. மாறாக, ஆயில் ரிங்கும் பேரிங்குகளும் அதிகம் தேய்ந்திருந்தால் அழுக்கு ஆயிலோடு சுற்றியிருக்கிறது. ஆயில் ஃபில்டரை எத்தனை நாள் மாற்றவில்லை, ஆயில் ஊற்றும் வாய்க்கு மூடி சரியாக இருந்ததா என்று யோசியுங்கள். ஐந்து சிலிண்டர் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீறிக் கிடந்தால் அந்தச் சிலிண்டரின் நாசிலைச் சந்தேகப்படுங்கள். டீசலைப் பனிபோலத் தூவாமல் ஒழுக விட்டால், அது சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். பேரிங் கறுத்து அரித்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் பாருங்கள். பேரிங்கின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பேரிங்கையும் எந்தச் சிலிண்டர், மேலா கீழா என்று எழுதி, வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். சாமான் கடையில் காட்டவென்று சாக்கில் அள்ளிப் போட்டால், எஞ்சின் சொல்ல வந்ததெல்லாம் கலந்து போய்விடும்.

அடுத்தது அளப்பது. வீட்டில் எஞ்சின் வேலை செய்கிற நாம் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. மைக்ரோமீட்டரும் போர் கேஜும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். என் போர் 102 மில்லிமீட்டர். இந்த எஞ்சினுக்குக் கம்மின்ஸ் கொடுத்திருக்கும் கடைசி எல்லை 102.116. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.076-க்குள் இருக்க வேண்டும். பெரியப்பா ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்தார். அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, என் மனைவி கணக்கு நோட்டில் எழுதினாள். மேல் ரிங் திரும்புகிற இடத்தில் ஒன்று 102.24, இன்னொன்று 102.21. அடியில் 102.05. முப்பத்தாறு எண்கள். நகத்தால் தடவி "நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொன்னது இந்தப் போரைத்தான்.

ஆக, ரிங் மாற்றினால் மட்டும் ஆகாது, 0.5 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட வேண்டும் என்று தெரிந்தது. இந்த எஞ்சினில் தனியாக லைனர் கிடையாது, பிளாக்கிலேயே துளைத்த போர். அதனால் ரீபோருக்குப் பிளாக்கையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அதே மைக்ரோமீட்டர் எனக்குப் பணத்தையும் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. கிராங்க் கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அளந்து பார்த்தால் மெயின் 83, பிக் எண்டு 69, ஏழு மெயினும் ஆறு பிக் எண்டும் அளவுக்குள்ளேயே இருந்தன. பாலீஷ் மட்டும் போதும் என்றார் பெரியப்பா.

எஞ்சினை இறக்க வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டலாம் என்றான் மச்சான். பெரியப்பா ஒரே அதட்டு. 400 கிலோவுக்கு மேல் எடை. பச்சைக் கிளை எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. இரும்பு முக்காலியை வாடகைக்கு எடுத்தோம். தொங்குகிற எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ தலையோ போகக் கூடாது, ஒரு நொடிகூட. இன்னொன்று, ஓடுகிற எஞ்சினில் டீசல் பைப் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மில் பல பேருக்கு உண்டு. நாசிலுக்குப் போகும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சின்னக் குத்துப்போலத்தான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி நடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டில் முடியாத வேலைகளை வீட்டில் செய்யக் கூடாது. ரீபோர், ஹெட் ஃபேசிங், வால்வு சீட், பம்ப் கேலிபரேஷன், நாசில் சோதனை எல்லாம் வெளியேதான். போரிங் மிஷினில் பிளாக்கைக் கொடுக்கும்போது புதுப் பிஸ்டன்களையும் கையோடு கொடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு வரும்போது அங்கேயே நின்று அளந்து பாருங்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று கூச்சப்படாதீர்கள். நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார், அவரே கேஜை எடுத்து நீட்டுவார்.

இதெல்லாம் நடந்தது 2018 ஆடி, ஆவணியில். மேட்டூர் ஐந்து வருடத்துக்குப் பிறகு 120 அடி நிரம்பி, காவிரியும் கொள்ளிடமும் கரை தொட்டு ஓடிய நாட்கள். எங்கள் வீடு கொள்ளிடக் கரைப் பக்கம். ஸ்ரீரங்கம் முழுக்க அம்மாமண்டபத்துக்குத் தண்ணீர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசல் கொட்டகையில் பிளாக் தலைகீழாகக் கிடந்தது. அந்த ஆகஸ்டில்தான் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அடுத்த சில நாட்களில் முக்கொம்பில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மணல் அள்ளி அள்ளித்தான் இப்படி ஆனது என்று ஊரே பேசியது. அந்தப் பாலத்தை நான் போய்ப் பார்த்தேன். எத்தனை நடை அந்த ஆற்றிலிருந்து ஏற்றியிருப்பேன் என்று அங்கே நின்றபோது எண்ணிப் பார்க்கத் தோன்றியது. என் எஞ்சினைத் தின்ற மணலும் அங்கிருந்து வந்ததுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அந்த ஈரக்காற்றில் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். ரீபோர் முடிந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினால் போதும் என்று நினைப்போம். போதாது. ஹோனிங் கல்லின் தூள் குறுக்குக் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அதை நகர்த்தாது, வெந்நீரும் சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான் நகர்த்தும். என் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து ஆயிலில் நனைத்துப் போரைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். முதல் துணி சாம்பல் நிறம், ஐந்தாவது துணியும் லேசாகச் சாம்பல். துணி வெள்ளையாகவே வரும்வரை பெரியப்பா விடவில்லை. ஆயில் ஓட்டைகளுக்குள்ளும் நீளப் பிரஷ் விட்டு, காற்றடித்து, மறுபடி துணி. கழுவிய இரும்பு அந்த ஈரக்காற்றில் அரை மணி நேரத்தில் துருப்பிடித்துச் சிவக்க ஆரம்பித்துவிடும். காய்ந்த உடனே ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்ட வேண்டும். இந்தக் கழுவுகிற வேலைக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. முதல் தடவை இதற்கு நான் கொடுத்த நேரம் ஒரு மணி.

பழைய ஆயிலையும் கழுவிய அழுக்கையும் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள். ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் தீவு. எந்தப் பக்கம் ஊற்றினாலும் ஆற்றுக்குத்தான் போகும். கேனில் பிடித்து, அனுமதி பெற்றுப் பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பூட்டுகிற வேலையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். டார்க் ரெஞ்ச் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். இந்த எஞ்சினில் ராடு போல்ட் மூன்று படியில் 35, 70, 100 நியூட்டன் மீட்டர். மெயின் 60, 119, 176. ஒவ்வொரு கேப்பும் இறுக்கிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் அங்கேயே நிறுத்தி அந்தக் கேப்பைக் கழற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத் தேடாதீர்கள். டேப்பட் பத்து தௌ, இருபது தௌ: உள்ளே இழுக்கும் வால்வுக்குப் பத்து, புகை வெளியேற்றும் வால்வுக்கு இருபது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.

ஒரு சின்ன விஷயம், கடல் தாண்டி வந்தது. இதே பி வரிசை 5.9 லிட்டர் எஞ்சினை அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் போட்டார்கள். அங்கேயும் நம்மைப் போல வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் பூட்டுகிறவர்கள் ஏராளம். முன்பக்க டைமிங் கியர் ஹவுசிங்கை நிலைப்படுத்தும் ஒரு சின்ன இரும்புப் பின், வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல வெளியே நகர்ந்து, கியருக்குள் விழுந்து எஞ்சினையே உடைத்துவிடும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து அந்தப் பின்னை மறைத்துவிட்டால் தீர்ந்தது. பழைய பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ் வைத்திருப்பவர்கள் முன்பக்கக் கவரைத் திறக்கும்போது அதைத் தேடிப் பாருங்கள். என்னுடையது அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. லேத்தில் தகடு வெட்டி வாங்கி வந்து போட்டேன்.

ஸ்டார்ட் செய்யும் அன்று அவசரப்படாதீர்கள். டீசலை அடைத்துவிட்டு, ஆயில் பிரஷர் கேஜில் முள் ஏறும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். டர்போவுக்குள் முன்கூட்டியே ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஐட்லிங்கில் மணிக்கணக்கில் விட்டு வேடிக்கை பார்ப்பது நம் ஊர் வழக்கம். அது தவறு. புது ரிங் சுவரோடு உட்கார அதற்கு அழுத்தம் வேண்டும். சும்மா ஓடினால் சுவர் கண்ணாடிபோல வழுவழுத்துப் போய், ரிங் உட்காராமலே ஆயில் குடிக்கும். கசிவு பார்த்துவிட்டு அரை லோடில் ரோட்டில் எடுங்கள். நான் சமயபுரம் வரை போய்த் திரும்பினேன். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் அந்த ஹோஸ். புது ஹோஸ், நான்கு புது கிளிப், புது ஃபில்டர். சாமான் பட்டியலில் எல்லாவற்றிலும் மலிவானது அதுதான். ஃபில்டரைத் தரையில் தட்டுவதையும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதையும் விட்டுவிட்டேன். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மாதம் ஒரு முறை ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறேன். பொன்மலையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பிரித்தது, அளந்தது, மாற்றியது எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள் என்று பெரியப்பா சொன்னார். அதே வழக்கத்தில் என் மனைவியின் கணக்கு நோட்டு இன்று வரை தொடர்கிறது: எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் ஆயில், விரலில் தூசி உண்டா இல்லையா. 2018-க்குப் பிறகு அந்த எஞ்சினை நான் திறக்கவில்லை. சங்கிலியை மறு வருடம் தை மாதம் மீட்டோம்.

டீக்கடைத் தம்பிக்கு: சாமான் பெட்டிகளைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அளந்த பிறகு கடையில் மாற்ற வேண்டியிருக்கும். முதலில் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மைக்ரோமீட்டர் இரண்டும் போர் கேஜும் என் வீட்டில் மரப்பெட்டியில் இருக்கின்றன. உங்களில் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. அதில் அளவு படிக்கத் தெரியாவிட்டால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். வரும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, எண்களை எழுத வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரை, ஸ்ரீரங்கத்திலிருந்து
உங்களில் ஒரு லாரிக்காரன்